நாலு எழுத்து, நாலு எண்

குலசேகரம் சந்தைக்கு எதிரே, மாடிப்படிக்குக் கீழே
ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், லேமினேஷன் மெஷின்,
கரண்டு போனால் பதினொரு நிமிடம் தாங்கும் யூபிஎஸ்.
இதுதான் கடை.
காலையிலிருந்து மழை. பால்வெட்டு இல்லாத நாளில்தான்
ரப்பர்க்காரர்களுக்குக் காகித வேலை ஞாபகம் வரும்.

யேசுவடியான் வந்தார், மகள் பெனிஷாவோடு.
நர்சிங் படிப்புக்குக் கடன். இன்றைக்குக் கடைசி நாள்.
ஆறு மாத வங்கிக் கணக்கு வேண்டும் என்றது திரை;
கொடுத்தால், பூட்டிய கோப்பை ஏற்கமாட்டேன் என்றது,
சிவப்பு எழுத்தில்.

"இது உங்களுக்க கணக்குதானா?"
எல்லாரிடமும் கேட்பேன்.
போன மாதம் ஒருத்தன்
பெண்டாட்டியின் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்தான்.
அவள் பிறந்த தேதி அவனுக்குத் தெரிந்திருந்தது,
கல்யாணமாகி ஒருவேளை முதல் தடவையாக.
அவியளையும் கூட்டிட்டு வாங்க என்றேன்.
அதோடு வரவில்லை.

"பின்ன யாருக்க?" என்றார் யேசுவடியான்.
பெயரின் முதல் நாலு எழுத்து, பிறந்த நாளும் மாதமும்:
வங்கி சொல்லித் தந்த சாவி அவ்வளவுதான்.
தேதியை அவரே சொன்னார். டிசம்பர் இருபத்திரண்டு.

ஒய்யில் தொடங்கினேன். தப்பு.
ஜேயில். தப்பு.
ரேஷன் கார்டில் ஈ என்று இருந்தது. அதுவும் தப்பு.
ஆண்டவர் பெயரை மூன்று விதமாகத் தட்டியும்
திறக்கவில்லை.

"பிறந்தது அன்னைக்குத்தானா?"
"கிறிஸ்மஸுக்கு மூணு நாளு முந்தி. பலா சரிஞ்சு
அடுக்களை மேல விழுந்த காத்துல. அம்ம சொன்னது."
"சர்ட்டிபிகேட்டுல?"
"அது சாரு போட்டது. ஜூன்ல சேக்கணும்னா
மே மாசம் பிறந்திருக்கணும்னு
எங்க பெஞ்சில ஒம்பது பேரை
ஒரே நாள்ல பெத்துப்போட்டாரு."

கரண்டு போனது அப்போதுதான்.
யூபிஎஸ் கத்தத் தொடங்கியது.
மே இருபத்தைந்து. மறுபடி ஒய்.
திறந்தது.
பலா சரிந்த காற்றில் பிறந்த ஆளை
வங்கிக்குத் தெரியாது.

பூட்டை எடுப்பது பெரிய வித்தை இல்லை.
திறந்ததை அச்சிடச் சொல்லி
காகிதத்துக்குப் பதில் இன்னொரு கோப்பில் இறக்க வேண்டும்.
பழையது பூட்டோடு கிடக்கும்,
புதியது யார் தொட்டாலும் திறக்கும்.
ஒன்றுதான் சிக்கல்:
கண்ணை மூடிக்கொண்டு செய்ய முடியாது.

ஷீட் விற்ற பணம். உரக்கடை. சிட்டி.
குறுஞ்செய்திக் கட்டணம் பதினேழு ரூபாய் எழுபது காசு.
மாதாமாதம் மூன்றாம் தேதி
அருமனை கிளையில் ஒரு பெண் பெயருக்கு
ஆயிரத்து ஐந்நூறு.
ஆறு மாதமும். தப்பாமல்.

பெனிஷா என் தோளுக்குப் பின்னால் நின்று
பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தாள்.
மவுசை உருட்டினேன், தேவைக்கு மேல் வேகமாக.
அவர் ஓடையில் போகும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
அதில் ஏதோ எழுதியிருப்பது போல.

ஏற்றினேன். பச்சை டிக் வந்தது.
"எனக்க வாட்ஸப்புக்கும் அனுப்புங்கக்கா, இருக்கட்டு" என்றாள்.
யூபிஎஸ் மட்டும் கத்திக்கொண்டிருந்தது.

"வேண்டாம் மக்ளே" என்றார். அவளிடமா, என்னிடமா.
"ஆப்பீசுக்குப் போயாச்சுல்லா. அழிச்சிரு."
அழித்தேன்.
"அந்தக் குப்பைத்தொட்டில கெடக்கும்லா. அதையும்."
அதையும்.

முப்பது ரூபாய் ஆனது.
ஐம்பதை வைத்துவிட்டு மிச்சம் வாங்காமல் இறங்கினார்,
குடை இருந்தும் விரிக்காமல்.
பெனிஷா படியிலிருந்து திரும்பி வந்தாள்.
"கடைசில தெறந்தது ஒய்தானே அக்கா?"

பேச்சிப்பாறை பஸ் ஹாரன் அடித்தது.
அதில் கேட்கவில்லை என்பதுபோல்
கையை ஆட்டினேன்.